தொப்புள்கொடி தந்த சாட்சியம்

பிள்ளை பிறந்த சில நாள்களில் காய்ந்து உதிரும் தொப்புள்கொடியைக் குப்பையில் எறிய மனம் வராத தாய்மார் பல நாடுகளிலும் உண்டு. நம் ஊர்ப் பக்கங்களிலும் அதைச் சிறு வெள்ளித் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் அரைஞாணில் கோத்துவிடும் வழக்கம் முற்றாக மறைந்துவிடவில்லை. ‘இதெல்லாம் எதற்கு?’ என்று பாட்டிமாரைக் கேட்டு, அவர்கள் சொன்ன மறுமொழியைக் கேட்டு நகைத்தவர்கள் நம் வாசகர்களுள் பலர் இருக்கக்கூடும். இதை எழுதும் நாமும் அவர்களுள் அடக்கமே.

ஜப்பான் நாட்டிலும் இதையொத்த வழக்கம் ஒன்று நெடுங்காலமாக இருந்து வருகிறது. அங்கே உலர்ந்த கொடியைப் பஞ்சில் பொதிந்து, உள்ளங்கையில் அடங்கும் சிறு மரப்பெட்டியில் வைத்து, குழந்தையின் பெயரையும் பிறந்த நாளையும் குறித்து, வீட்டில் பத்திரப்படுத்துவர். அன்னைக்கும் பிள்ளைக்கும் இருந்த முதல் உறவின் நினைவு அது.  ஆனால் 1970-களில், ஒரு கடலோர ஊரின் ஏழைக் குடும்பங்கள் அவ்வாறு காத்து வைத்திருந்த பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. பெரிய நிறுவனமும் அரசு அலுவலகங்களும் பல்லாண்டுகளாக ஒப்புக்கொள்ளாத ஓர் உண்மைக்கு அவை சான்றாக நின்றன. சூழலில் கலக்கும் நஞ்சு மனித உடலை என்ன செய்கிறது என்று ஆராயும் இக்கால மருத்துவத்துறைக்கு அந்த ஊரின் பெயர் ஒரு பாடநூலைப் போன்றது. அவ்வூர் மினமாட்டா.

பூனைகள் ஆடிய ஊர்

ஜப்பானின் தென்கோடியிலுள்ள கியூஷு தீவில், குமாமோட்டோ மாநிலத்தில், ஷிரனூயி என்னும் அமைதியான உள்கடலின் ஓரத்தில் இருக்கிறது மினமாட்டா. தீவுகள் சூழ்ந்த அக்கடலில் அலைகள் குறைவு. மீனும் சிப்பியும் மலிந்த இடம். கரையோரச் சிற்றூர்களில் வாழ்ந்த மீனவர்க்கு மீனே பொருள், மீனே உணவு. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மீன் என்பது நம் வழக்கம். அவர்களுள் வறியவர்க்கோ மீனோடு தொட்டுக்கொள்ளத்தான் சிறிது சோறு கிடைத்தது.

அவ்வூரில் 1908-ஆம் ஆண்டு ஓர் உரத்தொழிற்சாலை தோன்றியது. பின்னர் ‘சிஸ்ஸோ’ என்ற பெயர் பெற்ற நிறுவனம் அது. வேலை தந்தது, வரி தந்தது, சிற்றூரை நகரமாக்கியது. தன் ஊழியர்க்கும் ஊர் மக்களுக்கும் மருத்துவமனை ஒன்றையும் நடத்தியது. 1932 முதல் அங்கே அசெட்டால்டிகைடு என்னும் வேதிப்பொருளை உற்பத்தி செய்தனர். பிளாஸ்டிக் முதலான பல பொருள்களுக்கு அது மூலப்பொருள். அதை ஆக்குவதற்கு வினையூக்கியாகப் பாதரச உப்பைப் பயன்படுத்தினர். வினை நிகழும்போது பாதரசத்தின் ஒரு சிறு பகுதி மீதைல் பாதரசம் என்னும் வேறொரு சேர்மமாக மாறியது. அது கழிவுநீரோடு ஹியாக்கென் துறை வழியாக விரிகுடாவில் கலந்தது.

மீதைல் பாதரசத்தின் இயல்பை இங்கே சற்று விளக்க வேண்டும். அதை உடல் எளிதில் ஏற்றுக்கொள்கிறது, மெல்லத்தான் வெளியேற்றுகிறது. நீரில் அது மிகச் சிறிதளவே இருக்கும். அந்நீரில் வளரும் நுண்ணுயிர்களில் சற்று மிகும். அவற்றைத் தின்னும் சிறு மீனில் அதனினும் மிகும். சிறு மீனைத் தின்னும் பெரிய மீனிலோ பல்லாயிரம் மடங்காகப் பெருகிவிடும். கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது, நிறத்தாலும் சுவையாலும் கண்டறியவும் முடியாது.

1950-களின் தொடக்கத்தில் அக்கரையில் சில விந்தைகள் நிகழ்ந்தன. மீன்கள் செத்து மிதந்தன. காகங்கள் பறக்கையிலேயே விழுந்தன. வீட்டுப் பூனைகள் தள்ளாடி, வெறிபிடித்தவைபோல் சுழன்று, சில கடலிலே விழுந்து மாண்டன. ‘பூனையாட்ட நோய்’ என்று ஊரார் அதற்குப் பெயரிட்டனர். எலிகளின் தொல்லை மிகுந்துவிட்டதே என்பதுதான் அப்போது பலரின் கவலை.

1956 ஏப்ரல் மாதம், ஐந்து வயது நிரம்பிய ஒரு சிறுமியை ஆலை மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள். அவளால் நடக்க முடியவில்லை, பேச்சுக் குழறியது, உடல் இழுத்தது. சில நாள்களில் அவளுடைய தங்கையும் அதே நிலையில் வந்து சேர்ந்தாள். அண்டை வீட்டிலும் அத்தகையோர் இருப்பதாகத் தாய் சொன்னாள். மருத்துவமனையின் தலைவர் ஹொசோகவா ஹாஜிமே, மே 1-ஆம் நாள், மைய நரம்பு மண்டலத்தைத் தாக்கும் இனந்தெரியாத நோய் ஒன்று பரவுவதாகச் சுகாதார அலுவலகத்திற்கு அறிவித்தார். அந்நாளையே இன்றும் மினமாட்டா நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்ட நாளாகக் கொள்கின்றனர்.

தொற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சத்தில் நோயாளிகளைத் தனிமைப்படுத்தினர். வீடுகளில் கிருமிநாசினி தெளித்தனர். அவ்வளவுதான், ஊரார் விலகிக்கொண்டார்கள். அவ்வீட்டுப் பிள்ளைகள் கொடுத்த காசைக் கையால் வாங்கக் கடைக்காரர்கள் அஞ்சினார்கள். தொற்று அன்று என்று பின்னர் தெளிவான பின்பும் அந்த விலக்கம் நெடுநாள் நீங்கவில்லை. ஆலையால் பிழைக்கும் ஊரில், ஆலையைக் குறைகூறும் நோயாளியை யார் விரும்புவார்?

மீன் என்று தெரிந்தது, தடை வரவில்லை

குமாமோட்டோ பல்கலைக்கழக மருத்துவர்கள் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே ஆய்வைத் தொடங்கினர். நவம்பருக்குள் இரண்டு செய்திகள் தெளிவாயின. இது தொற்றுநோய் அன்று. ஏதோ ஒரு கன உலோகத்தின் நஞ்சு, மீன் சிப்பிகளின் வழியாக மனித உடலைச் சேர்கிறது. அடுத்த ஆண்டில் சுகாதார நிலையத்தின் தலைவர் இட்டோ ஹசுவோ விரிகுடா மீனைப் பூனைகளுக்கு உணவாகக் கொடுத்துப் பார்த்தார். சில வாரங்களில் அவையும் ஆடத் தொடங்கின.

இதற்குமேல் என்ன வேண்டும்? விரிகுடாவில் மீன்பிடிப்பதைத் தடுத்து, மீனவர்க்கு மாற்று வழி செய்திருக்கலாம். மாநில அரசு, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தடை விதிக்கலாமா என்று 1957-இல் நடுவண் அமைச்சகத்தைக் கேட்டது. விரிகுடாவின் எல்லா மீன்களும் நஞ்சேறியவை என்பதற்குத் தெளிவான சான்று இல்லாமையால் அச்சட்டத்தைப் பயன்படுத்த இயலாது என்ற மறுமொழி செப்டம்பரில் வந்தது.

இவ்விடத்தில் நமக்கு லண்டன் மாநகரின் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. 1854-இல் அங்கே காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ, இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, பிராட் தெருவிலிருந்த ஒரு குழாயின் நீரே காரணம் என்றார். அக்குழாயின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். காலராக் கிருமியை ராபர்ட் கோக் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து அடையாளம் காட்டியதோ ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துத்தான். நீரில் இருப்பது இன்னதென்று அறியாமலே கைப்பிடியைக் கழற்ற முடிந்தது. மினமாட்டாவில், மீனில் இருக்கும் நஞ்சின் பெயர் தெரிந்தால்தான் ஆகும் என்று காத்திருந்தார்கள்.

அந்தப் பெயரைக் கண்டுபிடிப்பதும் எளிதாக இல்லை. மாங்கனீசு, செலீனியம், தாலியம் என்று ஒவ்வொன்றாக ஐயுற்றனர். 1958-இல் அங்கு வந்த டக்ளஸ் மெக்கல்பைன் என்னும் பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர், நோயாளிகளின் பார்வைப்புலம் குறுகுதல், கைகால் மரத்தல், நடை தள்ளாடுதல் ஆகியவற்றைக் கண்டு, இங்கிலாந்தில் ஓர் ஆலைத் தொழிலாளரிடம் காணப்பட்டு 1940-இல் விவரிக்கப்பட்ட கரிமப் பாதரச நஞ்சேற்றத்தை இவை ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். நோயியல் பேராசிரியர் தகேயுச்சி ததாவோ, இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தார். ஹியாக்கென் துறையின் சேற்றை எடுத்து ஆய்ந்தபோது, வாய்க்கால் முகப்பில் ஒரு டன் சேற்றுக்கு 2 கிலோ என்னும் அளவில் பாதரசம் இருந்தது. தோண்டி விற்றால் இலாபம் கிட்டும் அளவு அது! வெளியூரார் தலைமயிரில் பத்து லட்சத்தில் 4 பங்கு பாதரசம் இருக்க, மினமாட்டா நோயாளி ஒருவரின் மயிரில் 705 பங்கு இருந்தது. 1959 ஜூலையில் பல்கலைக்கழகம் தன் முடிவை வெளியிட்டது: காரணம் கரிமப் பாதரசம்.

நானூறாம் எண் பூனை

அதே ஜூலை மாதம், ஆலை மருத்துவமனையின் பின்புறத்தில் ஹொசோகவா தாமாகவே ஒரு சோதனையைத் தொடங்கியிருந்தார். அசெட்டால்டிகைடு பிரிவின் கழிவுநீரை உணவில் கலந்து, 400 என்று எண்ணிடப்பட்ட ஒரு பூனைக்கு நாள்தோறும் கொடுத்து வந்தார். அக்டோபரில் அப்பூனை நடுங்கியது, சுழன்றது, சுவரில் மோதியது. இனி ஐயம் இல்லை.

அவருக்கு ஊதியம் தந்தது அந்த நிறுவனம். சோதனையைத் தொடர வேண்டாம் என்றனர் மேலாளர்கள். முடிவு வெளியே வரவில்லை. அவர் பேசவில்லை. அவரை நாம் எளிதில் குற்றவாளியாக்கிவிட விரும்பவில்லை. நோயை முதன்முதல் அறிவித்தவரும் அவரே, நிறுவனத்தின் மனம் கோணுமென்று தெரிந்தும் சோதித்தவரும் அவரே. ஆயினும் அந்த மௌனத்தின் விலையைச் செலுத்தியவர்கள் வேறு சிலர். 1970-இல், புற்றுநோயால் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபோது, நீதிமன்றத்தார் அவரிடம் வந்து சாட்சியம் பெற்றனர். நானூறாம் எண் பூனையைப்பற்றி அவர் அனைத்தையும் சொன்னார். அவ்வாண்டு அக்டோபரில் இறந்தார்.

1959-ஆம் ஆண்டு முடியுமுன் நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லிவிடுகிறோம். அமைச்சகத்தின் ஆய்வுக் குழு, காரணம் கரிமப் பாதரசமே என்று நவம்பரில் கூறியது. அது எங்கிருந்து வந்தது என்று கூறவில்லை. மறுநாளே அக்குழு கலைக்கப்பட்டது. டிசம்பரில் ஆலை ஒரு சுத்திகரிப்பு எந்திரத்தை விழாவெடுத்துத் திறந்தது. நீரில் கரைந்த மீதைல் பாதரசத்தை அகற்றும் திறன் அதற்கு இல்லை. ஆண்டின் கடைசி வாரத்தில் ‘அனுதாபத் தொகை’ என்ற பெயரில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. இறந்தவர் குடும்பத்துக்கு 3 லட்சம் யென், வயதுவந்த நோயாளிக்கு ஆண்டுக்கு 1 லட்சம், சிறுவர்க்கு 30,000. பிற்காலத்தில் ஆலையே காரணம் என்று மெய்ப்பிக்கப்பட்டாலும் புதிதாக ஈடு கேட்பதில்லை என்ற நிபந்தனை அதில் சேர்க்கப்பட்டிருந்தது. புத்தாண்டுக்கு அரிசி வாங்கவும் வழியில்லாத வீடுகள் அதில் கையொப்பமிட்டன.

ஆலை நிற்கவில்லை. அசெட்டால்டிகைடு உற்பத்தி 1960-இல் 45,000 டன்னைத் தாண்டி உச்சம் தொட்டது.

இரு சகோதரர்

இனி நம் கட்டுரையின் மையத்துக்கு வருகிறோம்.

1961-ஆம் ஆண்டு கோடையில், ஹராடா மசசுமி என்னும் இளம் மருத்துவர் குமாமோட்டோ பல்கலைக்கழகத்திலிருந்து மினமாட்டாவின் மீனவக் குடிசைகளுக்கு வந்தார். ஒரு வீட்டின் திண்ணையில் சிறுவர் இருவர் இருக்கக் கண்டார். அண்ணனும் தம்பியும். இருவர்க்கும் கைகால்கள் முறுக்கிக்கொண்டிருந்தன. பேச்சு இல்லை அல்லது தெளிவில்லை. மினமாட்டா நோய் என்று எண்ணித் தாயை வினவினார். மூத்தவனுக்கு அந்நோய் என்றும், இளையவனுக்கு மூளை முடக்குவாதம் என்றும் அவள் சொன்னாள். இருவரும் ஒன்றுபோல் இருக்கிறார்களே என்று அவர் வியந்தபோது, இளையவன் பிறவியிலேயே இப்படி, அவன் மீனே உண்டதில்லை, ஆகவே அது மினமாட்டா நோய் ஆகாது என்று மருத்துவர்களாகிய நீங்கள்தானே சொல்கிறீர்கள் என்றாள்.

தாயின் சொந்தக் கருத்து வேறு. வீட்டார் அனைவரும் அதே மீனைத்தான் உண்டார்கள். கருவுற்றிருந்தபோது தானும் உண்டாள். தான் உண்ட பாதரசம் வயிற்றிலிருந்த பிள்ளைக்குப் போய்விட்டது என்பது அவள் உறுதி. அதே ஆண்டில் அதே சிற்றூரில் பிறந்த மற்றக் குழந்தைகளும் இப்படியே இருக்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்றும் சொன்னாள். அவர் போய்ப் பார்த்தார். அவள் சொன்னது சரியாக இருந்தது.

அக்கால மருத்துவம் கற்பித்தது இதற்கு நேர்மாறானது. தாயின் இரத்தத்தில் நஞ்சு கலந்தாலும், கருப்பையிலுள்ள நஞ்சுக்கொடி அதை வடிகட்டிப் பிள்ளையைக் காக்கும் என்று கருதினர். நம் மொழியில் அவ்வுறுப்புக்கு ‘நஞ்சு’, ‘நஞ்சுக்கொடி’ என்று பெயரிட்டவர்கள் எதை எண்ணி இட்டார்களோ நாம் அறியோம். ஆனால் மினமாட்டாவின் குழந்தைகளுக்கு அச்சொல் கொடிய பொருத்தமாய் அமைந்துவிட்டது. மீதைல் பாதரசம் உடலிலுள்ள சிஸ்டைன் என்னும் அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொண்டு, வேறோர் அமினோ அமிலத்தைப் போன்ற தோற்றம் கொள்கிறது. பிள்ளைக்கு உணவு என்று ஏமாந்து நஞ்சுக்கொடியே அதை உள்ளே அனுமதிக்கிறது. பிள்ளையின் கொடி இரத்தத்தில் அதன் செறிவு தாயின் இரத்தத்தில் உள்ளதைக் காட்டிலும் மிகுதியாகவே இருக்கும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. வளர்ந்த மனிதரின் மூளையில் சில பகுதிகளையே தாக்கும் அந்நஞ்சு, உருவாகிக்கொண்டிருக்கும் மூளையை முழுவதுமே சிதைக்கிறது. கடும் நோயுற்ற பிள்ளையைப் பெற்ற தாய்மார் பலர்க்கு நோய்க்குறி மிக இலேசாகவே இருந்ததற்கும் இதில் ஒரு காரணம் உண்டு: அவர்களிடமிருந்த நஞ்சில் ஒரு பகுதியைப் பிள்ளை ஏற்றுக்கொண்டது. தன் மகளை ‘வீட்டின் செல்வம்’ என்று அழைத்த ஒரு தாய், என்னுள் இருந்த நஞ்சையெல்லாம் அவள் வாங்கிக்கொண்டாள், அதனால்தான் நானும் அவளுக்குப் பின் பிறந்தவர்களும் நலமாய் இருக்கிறோம் என்று சொல்லிவந்தாள்.

தாய் சொன்னாள் என்பதற்காக மருத்துவக் குழு ஒப்புக்கொள்ளவில்லை. உடலை அறுத்துப் பார்த்தாலன்றி உறுதி கூற இயலாது என்றனர். அதாவது, குழந்தைகளுள் யாரேனும் இறக்கவேண்டும். 1961-இலும் 1962-இலும் இருவர் இறந்தனர். அச்சிறு மூளைகளை ஆய்ந்த பிறகு, 1962 நவம்பரில் 16 குழந்தைகள் கருவிலேயே மினமாட்டா நோயுற்றவர்கள் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டனர்.

பெட்டிகள் திறந்தன

பதினாறு பேர் மட்டுந்தானா? பல வீடுகளில் மந்த அறிவோடும் தள்ளாடும் நடையோடும் பிறந்த பிள்ளைகள் இருந்தார்கள். இவர்களுக்கும் பாதரசத்துக்கும் தொடர்பு உண்டா? அவர்கள் பிறந்து பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. உடலில் புகுந்த பாதரசம் இதற்குள் வெளியேறியிருக்கும். அவர்களின் இரத்தத்தையோ மயிரையோ இப்போது ஆய்ந்து பயனில்லை. கருவில் இருந்த மாதங்களில் உடலில் என்ன ஓடியது என்பதற்குச் சாட்சி எங்கே?

வீட்டு அலமாரிகளில் இருந்தது. ஹராடா வீடு வீடாகச் சென்று அந்த மரப்பெட்டிகளைக் கேட்டார். ஒவ்வொன்றிலும் பிறந்த நாள் குறித்திருந்தது. உலர்ந்த கொடியோ, பிள்ளை பிறந்த வேளையில் இருந்த பாதரசத்தைத் தன்னுள் அப்படியே காத்திருந்தது. நிஷிகாகி என்பவரோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வு 1975-இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் வெளியாயிற்று. கொடிகளில் இருந்த மீதைல் பாதரசத்தின் அளவை ஆண்டுவாரியாக வரிசைப்படுத்தியபோது, அது ஆலையின் அசெட்டால்டிகைடு உற்பத்தியோடு சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கியது. ஆலையின் கணக்கேட்டில் எழுதியது பிள்ளைகளின் கொடியிலும் எழுதப்பட்டிருந்தது.

எந்த ஆராய்ச்சிச் சாலையும் இப்படியொரு சேமிப்பைத் திட்டமிட்டு உண்டாக்கியிருக்க முடியாது. பாட்டிமாரின் பழக்கம் செய்து வைத்தது. (தாயத்தை எள்ளிய நம் நகைப்பை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.)

இன்று உலகின் பல நாடுகளில் கருவுற்ற தாய்மார் ஆயிரக்கணக்கானோரைப் பதிவுசெய்து, கொடி இரத்தத்தைச் சேமித்து, பிள்ளைகள் வளர வளரப் பின்தொடர்ந்து ஆராய்கின்றனர். வட அட்லாண்டிக்கிலுள்ள ஃபாரோ தீவுகளில் 1986, 1987 ஆண்டுகளில் பிறந்த ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளை பிலிப் கிராஞ்சானும் அவர்தம் குழுவினரும் அவ்வாறு பின்தொடர்ந்தனர். திமிங்கில இறைச்சி உண்ணும் மக்கள் அவர்கள். பிறந்தபோது நலமாகவே தோன்றிய பிள்ளைகள் ஏழு வயதை எட்டியபோது, கொடி இரத்தத்தில் பாதரசம் மிக்கிருந்தவர்கள் மொழித்திறன், கவனம், நினைவாற்றல் ஆகியவற்றில் சற்றே பின்தங்கியிருந்தனர். இந்தியப் பெருங்கடலிலுள்ள செய்செல்சு தீவுகளில், கடல்மீனையே மிகுதியாக உண்ணும் தாய்மாரிடம் நடந்த ஆய்விலோ அத்தகைய பாதிப்புத் தெளிவாகத் தென்படவில்லை. மீனிலுள்ள நல்ல கொழுப்பும் சத்துகளும் பிள்ளையின் மூளைக்கு உதவுவதால் தீமை மறைந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். இரு ஆய்வுகளுமே நேர்மையானவை. இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

ஈராக்கில் நிகழ்ந்த கொடுமையில் இத்தகைய ஐயத்துக்கு இடமே இருக்கவில்லை. பூஞ்சை பிடிக்காதிருக்க மீதைல் பாதரசம் பூசிய விதைத்தானியம் 1971-ஆம் ஆண்டு இறுதியில் அந்நாட்டு உழவர்க்கு வழங்கப்பட்டது. எச்சரிக்கைகள் அவர்கள் அறியாத மொழியில் இருந்தன. தானியத்துக்கு ஏற்றியிருந்த சாயத்தைக் கழுவிவிட்டால் நஞ்சும் போய்விடும் என்று நம்பி, மாவாக்கி ரொட்டி சுட்டனர். 6,530 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 459 பேர் அங்கே இறந்தனர். தாய்மாரின் நீண்ட கூந்தலை அங்குலம் அங்குலமாக ஆய்ந்து, கருவுற்ற எந்த மாதத்தில் எவ்வளவு நஞ்சு உடலில் இருந்தது என்று கண்டறிந்தனர். மயிர் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், அதுவும் ஒரு நாட்குறிப்பே.

கடற்கரையில் வாழும் நமக்கு

இவற்றைப் படிக்கும் கடற்கரைப் பங்குகளின் வாசகர்கள் அஞ்சி மீனை ஒதுக்கிவிட வேண்டாம். கருவுற்ற தாய்க்கும் வளரும் பிள்ளைக்கும் மீன் நல்லுணவு என்றே மருத்துவர் கூறுகின்றனர். எந்த மீன் என்பதே வினா. சாளை, நெத்திலி, அயிலை போன்ற சிறு மீன்கள் குறைந்த வாழ்நாளுடையவை, தாழ்ந்த படியில் இரை கொள்பவை. அவற்றில் பாதரசம் குறைவு. பிற மீன்களைத் தின்று பல்லாண்டு வாழும் பெருஞ்சுறா, வாள்மீன் போன்றவற்றில் மிகுதி. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப் புட்டு செய்து கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம். அதற்குச் சிறு பால்சுறாவைக் கொள்வது முன்னோர் முறை. பொதுவாக அதில் பெருஞ்சுறாவினும் பாதரசம் குறைவாகவே இருக்கும். எனினும் கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் சுறாவை அடிக்கடி உண்ணாமல், சிறு மீன்களை நாடுவது நலம்.

பழைய பாதரச வெப்பமானி இன்னும் சில இல்லங்களில் உண்டு. உடைந்தால் சிந்தும் வெள்ளி மணிகளை உள்ளங்கையில் உருட்டி விளையாடாத பிள்ளைகள் நம் தலைமுறையில் யார்? இது மீதைல் பாதரசம் அன்று. விழுங்கினால் பெரிதும் செரிக்காது. ஆனால் அதன் ஆவி மூச்சோடு கலந்தால் தீங்கு. பிள்ளைகளை விலக்கி, சன்னல்களைத் திறந்து, தடித்த தாளால் மணிகளை ஒன்றுசேர்த்து, மூடியிட்ட புட்டியில் அடைத்துவிட வேண்டும். துடைப்பத்தால் பெருக்கலாகாது.

அந்த ஆவியின் கதை நம் மாநிலத்திலும் உண்டு. கொடைக்கானலில் இயங்கிய ஒரு வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு, ஊருக்குள் ஒரு பழைய பொருள் கிடங்கில் கிடந்ததை 2001-இல் மக்கள் வெளிக்கொணர்ந்தனர். ஆலை மூடப்பட்டது. தங்கள் நோய்களுக்கு ஆலையே காரணம் என்று முன்னாள் தொழிலாளர்கள் வழக்காடினர். நிறுவனம் அதை ஏற்கவில்லை. ஆயினும் 2016-இல் மனிதாபிமான அடிப்படை என்று சொல்லி 591 தொழிலாளர்களோடு உடன்பாடு செய்துகொண்டது.

மினமாட்டாவில் ஆலை அந்த உற்பத்தியை நிறுத்தியது 1968 மே மாதம். புதிய முறைகள் வந்துவிட்டமையால் பழைய முறை இலாபமற்றதாகிவிட்டது. நான்கு மாதங்களுக்குப் பின், செப்டம்பரில், நோய்க்குக் காரணம் அந்த ஆலையின் கழிவே என்று அரசு அறிவித்தது. பல்கலைக்கழகம் சொல்லி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் 1965-இல் நிகாட்டா மாநிலத்தின் அகானோ ஆற்றங்கரையில், வேறொரு நிறுவனத்தின் அதே வகை ஆலையால், அதே நோய் மீண்டும் தோன்றிவிட்டது. 1973 மார்ச்சில் நீதிமன்றம் நோயாளிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ‘அனுதாபத் தொகை’ ஒப்பந்தம் செல்லாது என்றது. நஞ்சேறிய சேற்றை அகற்றி, விரிகுடாவின் 58 ஹெக்டேரைத் தூர்த்து நிலமாக்கும் பணி 1990-இல் முடிந்தது. 1997-இல் மீன்கள் பாதுகாப்பானவை என்று ஆளுநர் அறிவித்தார். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2013-இல் குமாமோட்டோவில் நிறைவேறிய உலக உடன்படிக்கைக்கு மினமாட்டாவின் பெயரையே இட்டனர். இந்தியா அதை 2018-இல் ஏற்றது.

அன்று கருவில் நஞ்சுண்டு பிறந்தவர்களுள் உயிரோடிருப்பவர் பலர்க்கு இப்போது எழுபது வயதை ஒட்டி ஆகிறது. அவர்களைத் தூக்கி வளர்த்த தாய்மாரில் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். ஷிரனூயிக் கடலோர மாநிலங்களில் நோயாளிகள் என்று அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டவர்கள் 2,200 பேருக்குச் சற்று மேல். ஏற்கப்படாமல் நீதிமன்றங்களை நாடியவர்கள் அதனினும் மிகப் பலர். ஹராடா 2012-இல் இறக்கும்வரை அவ்வீடுகளுக்குச் செல்வதை விடவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் மே 1-ஆம் நாள் மினமாட்டாவில் நினைவஞ்சலி நடைபெறும். 2024-ஆம் ஆண்டு அந்நாளில், நோயுற்றோர் குழுக்களின் சார்பாளர்கள் சுற்றுச்சூழல் அமைச்சரைச் சந்தித்துப் பேச ஏற்பாடாகியிருந்தது. ஒவ்வொருவர்க்கும் மூன்று நிமிடம். முதியவர் ஒருவர், வலியோடு வாழ்ந்து மறைந்த தம் மனைவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மூன்று நிமிடம் கடந்ததும் அமைச்சக அலுவலர்கள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள். மே 8-ஆம் நாள் அமைச்சர் மீண்டும் மினமாட்டாவுக்கு வந்து அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார்.